சோத்தோங் விளக்குக்கு உபயம்

சோத்தோங்குக்கு, அதாவது கணவாய்க்கு, கண் பெரிது. எங்கள் சங்கத்துக்கு வாய் பெரிது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் என் வீட்டுக்காரர் தேவதாஸ். நானும் மாட்டிக்கொண்டேன். ஆனால் நான் முழிக்கிற ரகம் இல்லை, கத்துகிற ரகம்.

என் பெயர் டோரின். புக்கிட் செம்பிலாங் எஸ்டேட்டில் பிறந்து அதே எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனை, மறு பக்கம் கடல். செம்பனை வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு நம் ஆட்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செனாவாங், நீலாய் என்று ஃபேக்டரிகளுக்குப் பறந்தார்கள். தேவதாஸ் செனாவாங்கில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். நான் போர்ட்டிக்சன் ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் இடத்தில் பகல் ஷிப்ட். அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தது வாசல் கதவு ஒன்றுதான்.

போன வருடம் அந்த ஃபேக்டரியை மூடினார்கள். பக்கத்து மலாய்க் கம்போங்கில் ஒரு பெரியவர், பாக் சிக், வயதாகிவிட்டது என்று விற்ற ஃபைபர் படகை இவர் வாங்கினார். மீன் பிடித்து விற்க அல்ல. சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிற ஆட்களை ராத்திரியில் கடலுக்கு ஏற்றிப்போய் சோத்தோங் தூண்டில் போட வைக்கும் தொழில். நிலா இல்லாத இருட்டு நாட்களில் ராத்திரி தண்ணீர் மேல் வெளிச்சம் அடித்தால், அந்த வெளிச்சத்தைத் தேடி சோத்தோங் மேலே வரும். முள் வைத்த பொம்மை இறாலை இறக்கி இறக்கி இழுத்தால் மாட்டிக்கொள்ளும். இவர் படகு ஓட்டுவார். நான் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு அதே படகில் காப்பி கலக்கி, நாசி கோரெங் சோறு கிண்டி, தலை சுற்றுகிறவர்களுக்குத் தைலம் தேய்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே ஷிப்டில் இரண்டு பேரும். சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

குறை ஒன்றே ஒன்று, வெளிச்சம். எங்களிடம் இருந்தது பேட்டரியில் எரிகிற கேம்பிங் லாம்பு. அதை வைத்துக்கொண்டு சோத்தோங்கைக் கூப்பிட்டால், வேண்டாத மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்ட மாதிரிதான், வருவது போல் போக்குக் காட்டிவிட்டு வராது. பக்கத்துப் படகுகளில் வாளி வாளியாக ஏறும். எங்கள் படகில் வந்தவர்கள் காற்று வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் அவர்கள் பக்கத்துப் படகில் உட்கார்ந்து எனக்கே கை காட்டினார்கள்.

இதற்கிடையில் ஜொகூர் பாசிர் கூடாங்கிலிருந்து இவருடைய பழைய ஃபேக்டரிக் கூட்டாளி போன் போட்டான். அங்கே செக்யூரிட்டி வேலை இருக்கிறதாம், தங்க ஹாஸ்டல் இருக்கிறதாம், மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வரலாமாம். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

"அடுத்த மாச இருட்டு நாளு வரைக்கும் பாப்போம் லா," என்றார் தேவதாஸ். "லைட்டு வந்துச்சுன்னா கடலு. இல்லாட்டி ஜொகூரு."

அவ்வளவுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு வருவது பெரும்பாலும் இரண்டே சொற்கள், "போலே லா." மலாயில் அதற்குச் 'சரி, ஆகட்டும்' என்று அர்த்தம். கஞ்சி ஊற்றினாலும் போலே லா, பிரியாணி போட்டாலும் போலே லா. அப்படிப்பட்ட மனிதர் ஜொகூர் என்று ஊர் பெயரைச் சொல்லிவிட்டார் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமா? இந்தத் தடவை சேர்த்துப் பார்க்க வாசல் கதவு கூட இருக்காதே!

நேராக எஸ்டேட் நலச் சங்கத்துக்குப் போனேன்.

சங்கத் தலைவர் சிவானந்தன் ஐயா சிரம்பானில் அரசாங்க ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிலோன்காரர். அவருடைய அப்பா நமசிவாயம்தான் அந்தக் காலத்தில் எங்கள் எஸ்டேட் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அந்தப் பாசத்தில் மாதம் ஒரு தடவை காரில் வந்து எங்களுக்குத் தலைமை தாங்கிவிட்டுப் போவார். குறை சொல்லக் கூடாது, மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சிறு மீனவர்களுக்கு அரசாங்கத்தில் ஓர் உதவி இருப்பதைக் கண்டுபிடித்து, ஆங்கிலத்தில் ஒன்று மலாயில் ஒன்று எழுதிப் போட்டு, சங்கத்தின் பேருக்கு வாங்கியும் விட்டார். ஜெனரேட்டரும் அதில் எரிகிற விளக்குகளும் சங்கம் வாங்கி எங்கள் படகுக்குக் கொடுக்கும். எது வாங்குவது என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. 'மீன்பிடி விளக்கு விளக்கக் கூட்டம்.' விளக்கு ஒன்று வாங்க எங்கள் ஆட்களுக்கு விளக்கம் ஒன்பது வேண்டும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். என் வீட்டுக்காரரின் அக்கா மகன் ராய்ஸ்டன் செனாவாங்கில் சைன்போர்டு கடை வைத்திருக்கிறான். அவன் லுக்குட் சீன முதலாளி, தௌக்கே ஒருவரிடமிருந்து மூன்று விளக்குகளை மாதிரிக்கு வாங்கி வந்து மேசையில் வைத்தான். சிவானந்தன் ஐயா எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எஃபிஷியன்சி. அதுதான் முக்கியம், விளங்குதோ? ஜெனரேட்டர் குடிக்கிற பெட்ரோலுக்கு எவ்வளவு வெளிச்சம் வருது எண்டு பாக்கோணும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கேலாது. அரசாங்கக் காசு."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ராய்ஸ்டன் முதல் விளக்கைத் தூக்கிக் காட்டினான். தண்ணீர் போத்தல் அளவுதான் இருந்தது.

"இது பச்சை எல்.இ.டி. வயரோட தண்ணிக்குள்ள இறக்கிடணும் அங்கிள். சின்ன ஜென்செட்டே போதும், நைட்டு பூரா ஓடும். வெளிச்சம் மேல வீணாப் போகாது, எல்லாம் தண்ணிக்குள்ளதான். சைனாக்காரங்க போட்டெல்லாம் இப்ப இதான்."

"வெரி குட்!" என்றார் ஐயா. "இதுதான் எஃபிஷியன்ட். எடுத்துப்போடலாமோ?"

எனக்கு உயிர் வந்தது. அப்போது கோயில் பொருளாளர் யோகேந்திரன் அண்ணன் கையைத் தூக்கினார். கேட்டரிங் தொழில் செய்கிறவர். வருடா வருடம் ரதத்துக்கு ஜெனரேட்டர் வைத்து மின்விளக்கு ஜோடிப்பது அவர் பொறுப்பு. ஆகவே ஜெனரேட்டர் விளக்கு என்றால் எஸ்டேட்டில் அவர்தான் நிபுணர்.

"எல்லாம் சரி. இதுல உபயம் எங்க எழுதுறது?"

அந்த ஒரு கேள்வியில் எஃபிஷியன்சி தொபுக்கென்று கடலில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் உபயம் எழுதாத விளக்கை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று தொடங்கி தாத்தா பெயர், பாட்டி பெயர், பேரன் பேத்தி பெயர் எல்லாம் எழுதி, மிச்சம் இருக்கிற சந்தில்தான் வெளிச்சம் வரும். கோயிலை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எங்கள் சேப்பலும் சளைத்தது இல்லை. ஃபேன் வாங்கிக் கொடுத்த ஒரு குடும்பம், ஃபேன் சுற்றினால் றெக்கையில் எழுதிய பெயர் தெரியவில்லை என்று ஃபாதரிடம் முறையிட்டது. அன்றிலிருந்து திருப்பலி முடிகிற வரைக்கும் அந்த ஃபேன் சுற்றுவதில்லை.

"அண்ணே, அது தண்ணிக்குள்ள போற லைட்டு," என்றான் ராய்ஸ்டன்.

"அதான் கேக்குறேன். தண்ணிக்குள்ள போயிட்டா யாரு பாப்பா?"

"சோத்தோங்கு பாக்கும் ண்ணே," என்றேன் நான்.

"சோத்தோங்குக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் தெரியுதா?"

யாரோ சிரித்தார்கள். ஐயா மேசையைத் தட்டினார். "ஒழுங்கு, ஒழுங்கு. யோகேந்திரன் கேட்டதில ஒரு நியாயம் இருக்கு. சங்கம் செய்த சேவை ஜனத்துக்குத் தெரிய வேண்டாமோ? அடுத்ததைக் காட்டும்."

இரண்டாவது விளக்கு வெள்ளை எல்.இ.டி., படகின் ஓரத்தில் கம்பி நட்டு கீழ்நோக்கி மாட்டுவது. கண்ணாடி இரண்டு கை அகலம். யோகேந்திரன் அண்ணன் விரலால் அளந்து பார்த்தார். "என் பேருலயே பாதிதான் வரும்," என்று உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவதை இரண்டு பேர் தூக்கினார்கள். எங்கோ மூடிப்போன பந்துத் திடலில் கழற்றிய பழைய ஹாலைட் விளக்கு. அதன் முகக் கண்ணாடி கேரம்போர்டு அகலம் இருந்தது. பார்த்ததும் மண்டபத்தில் எல்லார் முகமும் மலர்ந்தது, இன்னும் யாரும் சுவிட்சைக் கூடப் போடவில்லை.

"இது வேணாம் அங்கிள்," என்றான் ராய்ஸ்டன். "சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான் கொண்டாந்தேன். பெரிய ஜென்செட்டு வேணும். பெட்ரோல் மொடாக்குடியன் மாதிரி குடிக்கும்."

"எத்தின வரி வரும்?" என்றார் ஐயா.

"என்னா வரி?"

"பெயர் ஐசே, பெயர். எத்தின வரி எழுதலாம்?"

"அஞ்சு வரி வரும். தாராளமா."

ஐயா பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த கை, கணக்கு சடசடவென்று ஓடியது. "மற்றதில ஒரு விளக்குக்கு அரைப் பெயர். இதில ஒரு விளக்குக்கு அஞ்சு வரிப் பெயர். அப்ப எது எஃபிஷியன்ட், நீங்களே சொல்லுங்கோ!"

கைதட்டலில் மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. ஒன்று போதாது, நான்கு வாங்குவது என்று முடிவானது, பெயர்கள் அவ்வளவு இருந்தன. மரியாதைக்குக் கடைசியில் இவர் பக்கம் திரும்பினார்கள். "தேவதாஸ், உமக்கு எப்பிடி?"

நான் நாற்காலிக்குக் கீழே இவர் காலை மிதித்தேன். ஒரு தடவை வாயைத் திறங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"போலே லா," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஹாலைட் விளக்கையே எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். தூக்க முடியாது என்பதால் விட்டேன். சரி, எதையோ ஒன்றை இருட்டு நாளுக்குள் மாட்டிக் கொடுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பெயர் எழுதும் படலம் ராய்ஸ்டன் கடையில் நடந்தது. ஹாலைட் சூட்டுக்கு ஸ்டிக்கர் கருகிவிடும் என்று பெயிண்டில் எழுதினான். முதல் விளக்கில் 'அமரர் கிராணி நமசிவாயம் நினைவாக மகன் சிவானந்தன் குடும்பத்தார் உபயம்.' காசு அரசாங்கத்தினுடையது, உபயம் ஐயாவுடையது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை என்றால் இதுதான். இரண்டாவது விளக்கில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி.யின் பெயர். பட்டங்களே மூன்று வரியை நிரப்பிவிட்டதால் பெயரை ஓரத்தில் சுருக்கி எழுத வேண்டியதாயிற்று. மூன்றாவதில் யோகேந்திரன் அண்ணன் குடும்பம், கேட்டரிங் போன் நம்பரோடு. நான்காவதில் சங்கச் செயலவை உறுப்பினர்கள் முழுவதும், பொடி எழுத்தில், எறும்பு மொய்த்த மாதிரி.

ரப்பர் காலத்தில் பால் வெட்டி ஓய்ந்த மயிலம்மாள் அக்கா அதைப் பார்க்க வந்தார். எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனால் கிராணி அரைப் பேர்தான் போடுவார், கூலியும் பாதிதான்.

"எங்கம்மாவுக்கு வாழ்நாளெல்லாம் அரைப் பேரு போட்ட மனுசன்," என்றார் அக்கா. "அவருக்கு இப்ப முழுப் பேரு, அதுவும் கரண்டுல!"

ஒப்படைக்கும் விழா படகு கட்டுகிற ஜெட்டியில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் நடந்தது. ஒய்.பி.க்கு ராத்திரியில் வேறு விருந்து இருந்ததாம். ரிப்பன் வெட்டி, பட்டப் பகலில் நான்கு விளக்கையும் ஏற்றினார்கள். எரிகிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் படம் எடுத்தார்கள்.

அன்று ராத்திரி முதல் ஓட்டத்துக்கு சங்கமே படகில் ஏறியது. ஜெனரேட்டர் ஒரு கன்றுக்குட்டி கனம். அதை வைத்த பக்கம் படகு சாய, மறுபக்கத்தில் செயலவையை உட்கார வைத்து நான் சமன் செய்தேன். சங்கத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அதுதான். ஜெட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஐயா நிறுத்தச் சொன்னார். விளக்குகளைத் தண்ணீரைப் பார்க்கத் திருப்பப்போன இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரைப் பக்கம் திருப்பும், கரைப் பக்கம்!"

கரையில் ராய்ஸ்டன் நின்றான். ஐயா போன் போட்டார். "பெயர் தெரியுதோ?"

"சூப்பரா தெரியுது அங்கிள்! ஆனா நாலாவது லைட்டுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. 'செயலவை'க்கு 'செலவை'ன்னு இருக்கு."

ஜெனரேட்டர் கத்திய கத்தலில் எங்களுக்கே காது அடைத்தது. ஒரு வழியாகக் கெஞ்சி விளக்குகளைக் கீழே திருப்பினோம். பெயருக்கு நடுவில் தப்பி வந்த வெளிச்சம் பழைய தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் மேல் திட்டுத் திட்டாக விழுந்தது. ஒரு சோத்தோங் எட்டிப் பார்க்கவில்லை. ஐயா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். பெட்ரோல் தீர்ந்துபோய், ஒரு மலாய்க்காரர் படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. ஜெட்டியில் இறங்கியதும் ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திட்டம் முழு வெற்றி," என்று அறிவித்தார்.

வியாழக்கிழமை. இருட்டு நாளில் அதுதான் கடைசி, விடிந்தால் ஜொகூருக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளி. சாயங்காலம் நான் துணி எடுக்க அறைக்குள் போனால், கட்டில் மேல் பை. இரண்டு கால்சட்டை, சட்டைகள், சவரக் கத்தி எல்லாம் மடித்து அடுக்கி வைத்திருந்தார் மனிதர். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"கிளம்புங்க. கடலுக்குப் போறோம்," என்றேன்.

"ஆளு யாரும் புக் பண்ணலியே."

"நான் பண்ணிருக்கேன். கிளம்புங்கன்னா கிளம்புங்க."

சோற்றுக் கூடைக்குள் பெயிண்ட் கரைக்கும் தின்னர் போத்தலையும் பிளேடையும் துணியையும் போட்டுக்கொண்டேன். வழக்கமான இடத்தில் நங்கூரம் போட்டார். ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கப் போனவரைத் தடுத்து, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு முதல் விளக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னா செய்ற?"

"பாத்தா தெரியல? பாத்திரம் வெளக்குற மாதிரி லைட்ட வெளக்குறேன்."

"டோரின்! கிராணி ஐயா பேரு!"

"தெரியும். இன்னிக்கு அவருக்கு லீவு."

பிளேடை வைத்து முதல் எழுத்தைச் சுரண்டினேன். இவர் தடுப்பார் என்று பார்த்தேன், தடுக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து ஏதோ தட்டிவிட்டு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மழை வருமா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். என் கை பெயிண்டும் தின்னருமாக எரிந்தது.

முதல் கண்ணாடி சுத்தமானதும் அந்த ஒரு விளக்கை மட்டும் ஏற்றினோம். அடேயப்பா! வெளிச்சம் நெட்டுக்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பொடி மீன்கள் வந்து சுற்றின. அப்புறம் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற ஓரத்தில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பின்னாலேயே ஒரு கூட்டம். பெரிய பெரிய கண்கள். நான் தூண்டிலை இறக்கி இழுத்தேன். மேலே வந்த முதல் சோத்தோங் என் முகத்திலேயே மை பீச்சியது. துடைக்கக்கூட இல்லை, மையோடு சிரித்தேன், மையோடு அழுதேன்.

தேவதாஸ் வாளியைப் பார்த்தார், மிச்ச விளக்குகளைப் பார்த்தார். "ஒரு பேரு எடுத்ததுக்கே இப்படின்னா…" என்றார்.

"ஒய்.பி. பேரையும் எடுக்கவா?"

"அது ரொம்ப நீளமாச்சே."

"பரவால்ல. ராத்திரியும் நீளம்தான்."

அவரும் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒய்.பி. போனார், கேட்டரிங் நம்பர் போனது, செயலவை ஒவ்வோர் எறும்பாகப் போனது. நான்கையும் ஏற்ற வேண்டிய தேவையே வரவில்லை. இரண்டுக்கே வாளிகள் நிறைந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெட்டியில் யாரோ எங்கள் விளக்குகளைப் படம் பிடித்து சங்க வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். நான் வீட்டில் சோத்தோங் கழுவிக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றது. சிவானந்தன் ஐயா இறங்கினார், பின்னால் யோகேந்திரன் அண்ணன்.

"பெயரை அழிச்சுப்போட்டீரே பிள்ளை," என்றார் ஐயா. "செத்துப்போன மனுசனை ரெண்டாந்தரம் அழிச்ச மாதிரி."

"ஐயா, சோத்தோங்கு வந்துச்சு. இத பாருங்க, வாளி வாளியா. வெளிச்சம் கீழ போனாத்தானே வரும்?"

"சோத்தோங் வரும், போகும். பெயர் நிக்கோணும்!"

"பேரு நின்னா சோத்தோங்கு நிக்காதே ஐயா! லைட்டு எதுக்கு, மீன் பிடிக்கவா, பேரு படிக்கவா?"

"அது சங்கத்தின்ர விளக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எல்லாப் பெயரும் பழையபடி இருக்கோணும். இல்லாட்டில் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து தாரும். கோயில் வாசல்ல மாட்டினால் நாலு சனமாவது பாக்கும்."

நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, ஃபாதரும் வாசிப்பார். ஐயா காதில் வாங்காமல் காரில் ஏறிக்கொண்டார். யோகேந்திரன் அண்ணன் மட்டும் பின்தங்கி நின்று, நாளைக்கு ஒரு கல்யாண ஆர்டர் இருக்கிறது, நல்ல சோத்தோங்காகப் பார்த்துக் கொஞ்சம் கொடு என்று பிளாஸ்டிக் பையை நீட்டினார். கொடுத்துத் தொலைத்தேன்.

கார் போனதும் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெயரை எழுதினால் சோத்தோங் இல்லை, எழுதாவிட்டால் விளக்கு இல்லை. எப்படிப் பார்த்தாலும் கடல் போயிற்று. என் கையாலேயே கெடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்தக்கூடத் தெம்பு இல்லை.

"போங்க," என்றேன். "பை கட்டிலு மேலதான் இருக்கு. இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழம. போன் போட்டு வர்றேன்னு சொல்லிடுங்க."

தேவதாஸ் என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஒரு சோத்தோங்கை எடுத்துத் தோலை உரித்தார்.

"வரலன்னு நேத்தே சொல்லிட்டேன்."

"என்னாது?"

"அந்த ஜொகூர் வேல. வரலன்னு மெசேஜ் போட்டுட்டேன்."

"நேத்து எப்ப? சோத்தோங்கு வந்தப்புறமா?"

"அதுக்கு முன்னாடியே. நீ கிராணி பேருல பிளேடு வச்சப்ப."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சோத்தோங்கு வராமயே போயிருந்தா?"

"வேற என்னாவது பாத்திருப்போம் லா. ஜொகூர்ல நீ இருக்க மாட்டியே." இதை அவர் சோத்தோங்கைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைக்கப்போய், கையில் இருந்த மையை முகமெல்லாம் பூசிக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் மண்டையில் உறைத்தது.

"அட பாவி மனுசா!" என்று எழுந்தேன். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அப்பவே ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த முதல் எழுத்தோட நிறுத்தியிருப்பேனே! கிராணி, ஒய்.பி., செயலவைன்னு நாலு லைட்டையும் கை எரிய எரியச் சொரண்டியிருக்க மாட்டேனே!"

"அதான் சொல்லல," என்றார் தேவதாஸ்.